தறி நின்ற நேரம்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயர் பிளக் வரைக்கும் எட்டவில்லை. குமரன் தறிக்குப் பின்னால் குனிந்து எக்ஸ்டென்ஷனைத் தேடிக்கொண்டே அம்மாவிடம் மறுபடியும் அதையே கேட்டான்.

"தறி நின்னது உனக்கு எப்படிம்மா கேக்காம போச்சி?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த காவேரி தலையைத் தூக்கவில்லை. "குக்கர் சத்தம்பா. விசில் மேல விசில் வந்துக்கினு இருந்திச்சி."

குமரனின் அக்கா ஏலவார்குழலி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மாகறலிலிருந்து அலறியடித்து வந்தவள் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள்தான் குக்கர் கேஸ்கட் இருந்தது, அட்டை உறை பிரிக்காமல். பழையது கிழிந்து ஒரு மாதமாகிறது, புதுசு வாங்கி வா என்று சொன்னதே அம்மாதான். அதுவரை குக்கர் பரண் மேல் சும்மா கிடந்தது.

காலையில் நெய்துகொண்டிருந்த அப்பா கைலாசம் அப்படியே தறி மேல் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எதற்கோ வந்தவர் பார்த்துக் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னவர் போய்விட்டார். குமரன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். அப்பா என்றால் அவனுக்கு உயிர். காரியம் முடிந்ததும் அம்மாவைச் செவிலிமேட்டுக்குத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அப்பா சாய்ந்து கிடந்தபோது அம்மா தெரிந்தே சும்மா இருந்தாள் என்று ஆனால், அவளுக்குச் சோறு போடுவானா?

போதாததற்கு சம்பூர்ணம் அத்தை வேறு. செத்தவருக்கு அக்கா. தறி நின்றால் தெருவுக்கே கேட்கும், அடுப்பங்கரையில் இருந்தவளுக்குக் கேட்கவில்லையா என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். துக்கத்துக்காகத் தெருவில் எல்லாத் தறியையும் நிறுத்தியிருந்தார்கள். பின்தெருவில் மட்டும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

குழலிக்குப் பாம்புக் காது, குமரனுக்கு எதுவும் கண்ணில் படாது, அதெல்லாம் பிறவியிலேயே வருவது என்பாள் இதே அத்தை. பிறவியாவது மண்ணாவது! தறி ஓடுகிறவரை இந்த வீட்டில் மூச்சு விடலாம். நின்றால் கவனிக்க வேண்டும். இழை அறுந்து அப்பா முடிச்சுப் போடுகிறார் என்றால் சட்டென்று மறுபடி ஓடிவிடும். ஓடவில்லை என்றால் உட்கார்ந்து நெய்யும் குழியிலிருந்து ஏறி வருகிறார் என்று அர்த்தம். குழம்பில் உப்போ, பாவு நூல் சிக்கலோ, முதலாளி சொன்ன சொல்லோ, எதுவானாலும் அடி அம்மாவுக்குத்தான். அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்பாள். அசைந்தால் அதற்கும் சேர்த்து விழும். தறி நின்றதுமே குழலி தம்பியைப் பக்கத்து வீட்டு டிவிக்கு அனுப்பிவிடுவாள். எல்லாம் அடங்கிய பிறகுதான் அவன் திரும்பி வருவான்.

"அப்படி என்னதான் ஆக்கினாளாம், நான் போய்ப் பாக்கறேன்," என்று சம்பூர்ணம் தறித்தூணைப் பிடித்து எழப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை.

"உக்காருங்க அத்த, தண்ணி நான் கொண்டாரேன்," என்று குழலி முந்திக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. பாதி அரிந்த கத்தரிக்காய் கறுத்துக் கிடந்தது. குழலி ஸ்டூல் போட்டுக் குக்கரை இறக்கித் தூசியைத் துடைத்தாள்.

"ஏறி வருவாருன்னு நின்னுக்கினே இருந்தேன், குழலி," என்றாள் காவேரி. "வரல."

"எவ்ளோ நேரம்மா?"

"தெரியல. காலு மரத்துப்போச்சி."

குழலிக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. பெட்டிக்குள் கிடக்கிற மனுஷனை என்ன கேட்பது? அட்டையைக் கிழித்தாள். கேஸ்கட்டை மூடியில் அழுத்திப் பொருத்தி, புதுசு என்று தெரியாதபடி மேலே எண்ணெயும் புளித்தண்ணீரும் தேய்த்தாள். பழைய சோற்றில் ஒரு பிடி எடுத்துக் குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தாள். அம்மா மூடியை எடுத்துப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். அட்டை குழலியின் இடுப்புச் செருகலுக்குள் போனது.

சம்பூர்ணம் எப்படியோ எழுந்து வந்து அடுப்பங்கரை வாசற்படியில் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"இத கழுவக்கூட கை வரல பாவம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் நகர்ந்த இடத்தில் குமரன் வந்து நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றான். செவிலிமேட்டு வீட்டில் கீழ் ரூமை ஒழிக்கச் சொல்லிவிட்டேன், பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது, மாடி ஏறவேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே போனான்.

பின்தெருத் தறி நின்றது.

காவேரியின் கையிலிருந்த கரண்டி மேடைக்குப் போனது. குழலி குழாயை மூடினாள்.

முடிச்சுப் போடுகிற அளவு நேரம் கடந்தது. தறி ஓடவில்லை.

குமரன் ஜன்னலில் காற்று நன்றாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்களும் அசையாமல் நின்றார்கள்.