ஐந்து மணிக்குள் ஓர் ஊர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் வீட்டுக்குரியவர், லிஃப்ட் இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்து அவர் மனைவி, கணக்கு டீச்சராக இருந்தவர். அவர்களுடைய ஒரே மகன், சமையலறை அலமாரிகளுக்குக் கணினியில் வரைபடம் போட்டுக் கொடுப்பவன். மருமகள், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். மருமகளின் அப்பா, கடலோர ஊரில் நாற்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்து, மனைவி போன பிறகு கடையைக் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். பேத்தி பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். கீழ்வீட்டுத் தையற்காரர் அன்று வாசல்வரைகூட வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று நடந்ததைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

விருந்தாளிகள் ஒரு மணிக்கு வருவதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பன்னிரண்டரைக்கே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், மடியில் செய்தித்தாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டி வரும். எழுந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஏழு வாரத்துக்கு முன் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. நான்கு கால் வைத்த அலுமினிய வாக்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்கு அறை நகர்ந்தார். மகனுக்கு இது தெரியாது. வாரம் இரண்டு முறை போனில் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவந்தார். இப்போது வாக்கர் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஒரு போர்வையின் கீழ் இருந்தது.

"அவங்க கிளம்பற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்லை. நீ வாயைத் திறக்காதே" என்று மனைவியிடம் சொன்னார்.

"நான் ஏன் திறக்கறேன்" என்றார் டீச்சர். நாற்பத்தாறு வருடத்தில் அவர் வாக்குத் தவறியதில்லை.

இன்ஸ்பெக்டரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வயதில், தன் தகப்பனாரை நான்கு பேர் கட்டிலோடு மாடியிலிருந்து இறக்கியதைப் பார்த்தவர் அவர். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கியதால் அல்ல. அந்த நிலை தனக்கு வரக்கூடாது, தன் பொருட்டு ஒரு குடும்பம் மூட்டை கட்டியது என்ற பேச்சும் வரக்கூடாது என்று அன்றிலிருந்து மனதில் எழுதி வைத்திருந்தார். ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில். முப்பத்தாறு படி. யாராவது கேலி செய்தால், "வீட்டுலயும் லிஃப்ட் இருந்தா ஞாயிற்றுக்கிழமையும் நான் அதைத்தானே பார்த்துக்கிட்டு நிப்பேன்" என்பார். அந்த முப்பத்தாறு படியை ஏழு வாரமாக அவர் மிதிக்கவில்லை.

ஒன்றேகாலுக்கு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். பாசம் என்று நினைக்கத் தோன்றும்.

"எழுந்திருக்காதீங்கப்பா" என்றான் மகன்.

"எழுந்திருக்கலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். மருமகள் இருந்த ஊர் இரண்டு பெற்றோருக்கும் ஒன்பது மணி நேரத் தொலைவு. இடமாற்றம் கேட்டு மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது மூன்று ஊர்களில் ஆள் வேண்டியிருந்தது: மாமனாரின் இந்த ஊர், அப்பாவின் கடலோர ஊர், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போனிலேயே அனுப்ப வேண்டும். விட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்கு நகர முடியாது.

"எனக்கு எந்தக் குறையும் இல்லை" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "தரைத்தளத்து வீடு, தெரிஞ்ச தெரு. பிள்ளைங்க இங்கயே வரட்டும் சம்பந்தி. மகன் பக்கத்துல இருக்கறதுதானே முறை."

"முறையெல்லாம் பேசாதீங்க. இங்க நாங்க ரெண்டு பேர் இருக்கோம். நீங்க தனியா இருக்கீங்க. உங்க ஊருக்குத்தான் போகணும்."

"தனியா இருந்தா என்ன? சண்டை போட ஆள் இல்லை, அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் மருமகளை அனுப்பறோம்னு சொல்றேன்."

பந்து இப்படி அரைமணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. மகன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அப்ப நடு ஊருக்குப் போயிடலாம். ரெண்டு பேருக்கும் சமமா ரெண்டு மணி நேரம்" என்றான்.

மருமகள் அவனைப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம்னா பக்கம்னு நினைக்கறீங்களா? எங்க அறையில சுவத்துல பெரிய கடிகாரம் இருக்கு. ஒருத்தர் விழுந்துட்டாருன்னு போன் வந்தா எட்டு நிமிஷத்துல வண்டி போகணும். பத்து ஆனா மேலதிகாரி ஏன்னு கேட்பாரு. ரெண்டு மணி நேரத்துக்கு அங்க கேள்வியே கிடையாது. ரெண்டு பேருக்குமே லேட்டா போய்ச் சேர்றதுக்கு எதுக்கு வீடு மாத்தணும்?"

விழுந்துவிட்டார் என்ற சொல் கேட்டதும் இன்ஸ்பெக்டர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். தலைகீழாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். "நான் நேரத்தோட சாப்பிட்டேன்" என்றார். வயிறு எதிர்த்துப் பேசியது; அடக்கிக்கொண்டார். கூடத்தின் மறுகோடியில் இருந்த மேசையில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரின் கண் பழைய வேலைக்குத் திரும்பியது. லிஃப்ட் கதவு திறந்ததும் அது தளத்துக்குச் சமமாக நிற்கிறதா, விரல் அகலம் தாழ்ந்து நிற்கிறதா என்று முப்பத்தொரு வருடம் பார்த்த கண் அது. சம்பந்தியின் கை டம்ளரை நேராக எடுக்கவில்லை. தட்டின் விளிம்பிலிருந்து மேசையைத் தடவிக்கொண்டு போய், டம்ளர் தட்டுப்பட்டதும் பிடித்தது. சாப்பாட்டுக்குப் பின் மகள் விண்ணப்பத்தைப் படிக்கச் சொல்லிப் போனைக் கொடுத்தாள். அவர் அதைக் கையை நீட்டிப் பிடித்து, "விவரமா எழுதியிருக்காங்க" என்று பாராட்டினார். போனின் திரை அதற்கு முன்பே அணைந்திருந்தது.

பெண்கள் இருவரும் பாத்திரங்களோடு உள்ளே போனார்கள். மகன் ஏதோ அழைப்பு வந்து வெளி வராந்தாவுக்குப் போனான். சம்பந்திகள் தனியானார்கள்.

"என்ன எழுதியிருந்தது சம்பந்தி?"

"எதுல?"

"போன்ல. அணைஞ்சு போயிருந்துதே."

மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மேசைக்கு வரலையே."

"பசிக்கலை."

"தண்ணிகூடக் குடிக்கலை. வந்ததுலேர்ந்து பார்க்கறேன்."

"பார்க்கறீங்களா?"

"சரி, கேட்கறேன். உங்க பக்கத்துல டம்ளரை வச்ச சத்தம் கேட்டுது, எடுத்த சத்தம் கேட்கலை. அப்புறம் இந்தத் தைல வாசனை. நாப்பது வருஷம் வித்தவன் நான். இடுப்புல அடிபட்டவங்களைத் தவிர யாரும் இதை வாங்கினதில்லை."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தையற்காரரின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார். "நீங்களும் சொல்லக் கூடாது."

"நான் எதையும் பார்க்கவே இல்லையே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

உடன்பாடு ஆகிவிட்டது. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது இருவருக்கும் உடனே புரியவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்து மறுபடி பேச்சு எழுந்தபோது, பிள்ளைகள் இங்கே வந்தால் இவர் கால் தெரிந்துபோகும், அங்கே போனால் அவர் கண் தெரிந்துபோகும் என்றாகியிருந்தது. நாலே காலுக்கு இருவரும் ஒரே குரலில் நடு ஊரே நல்லது என்றார்கள்.

மகனுக்கு நிம்மதி. மருமகளுக்குச் சந்தேகம். "வந்ததுலேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தீங்க. இப்ப எப்படி ஒத்துப் போச்சு?"

"பெரியவங்க பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அனுப்பிடும்மா. மணி ஆகுது."

அவள் போனை எடுத்தாள். நடு ஊரின் பெயரைத் தொட்டாள். உறுதியா என்று கேட்டு ஒரு பச்சைப் பொத்தான் வந்தது. நாலு இருபத்தைந்து. அவள் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. இன்ஸ்பெக்டரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அழுத்தல். பிறகு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். போர்வை இழுபடும் சத்தம் கேட்டது. வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, கணவரின் முழங்காலுக்கு முன்னால் நேராக வைத்தார். நான்கு ரப்பர் காலும் தரையில் பதிந்ததா என்று பார்த்தார். பிறகு பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார். வாயைத் திறக்கவில்லை.

மகன் வாக்கரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

மருமகள் போனை மேசையில் வைத்தாள். மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் குரல் மாறிப்போனது. தினமும் இருநூறு பேரிடம் பேசும் குரல். அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"எப்ப விழுந்தீங்க மாமா?"

"ஏழு வாரம் இருக்கும்."

"எங்க?"

"குளியலறையில."

"தலையில அடிபட்டுதா?"

"இல்லை."

"நீங்களா எழுந்தீங்களா?"

அவர் வாக்கரின் பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் தரையில இருந்தீங்க?"

"மூணு மணி நேரம்."

மகன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, எங்க ஆம்புலன்ஸ் நம்பருக்கு ஏன் போன் பண்ணலை?"

"பண்ணக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "எடுக்கறவ உன்னை மாதிரி ஒருத்தியா இருப்பா. பேரு, விலாசம் எல்லாம் கேட்பா. நாலு பேர் வந்து தூக்குவாங்க. தெரு பார்க்கும். கடைசியில கீழ்வீட்டுக்காரர்தான் வந்து தூக்கி உட்கார வச்சார்."

"என்னை மாதிரி ஒருத்தி" என்றாள் மருமகள். அந்தக் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "ஒன்பது வருஷமா அந்த வேலை பார்க்கறேன் மாமா. விழுந்தவங்களைப் பத்தி இதுவரைக்கும் யாருகிட்டயும் பேசினதில்லை. உங்க பிள்ளைகிட்டகூட."

அவர் தலை குனிந்தார். அந்த வீட்டில் அது புதுக் காட்சி.

இப்போது ஒரு வாக்கியம் போதும்: உங்க அப்பாவைக் கேளு, அவருக்குக் கண் தெரியுதான்னு. பார்வைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்ததை இன்ஸ்பெக்டரால் மறுக்க முடியாது. ஆனால் கொடுத்த வாக்கு இருந்தது. சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டார், பேசவில்லை.

அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மருந்துக்கடைக்காரர்தான். தொண்டையைச் செருமினார்.

"அவர் சொல்ல மாட்டார். நானே சொல்லிடறேன். எனக்கு வலது கண்ணு போய் ஒரு வருஷம் ஆச்சு. இடதுல பாதிதான் மிச்சம். வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாது, எல்லாம் எண்ணிக்கைதான். கட்டில்லேர்ந்து கதவு ஏழு அடி, கதவுலேர்ந்து அடுப்பு பதினொண்ணு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். படியேறும்போது தன் தோளில் இருந்த கையின் கனம் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நடு ஊருக்கு அனுப்பப் பார்த்தீங்க" என்றாள்.

மணி நாலு முப்பத்தெட்டு.

"அப்பா, நீங்க இங்க வந்துடுங்க" என்றாள் அவள்.

"இங்க வந்தா முதல்லேர்ந்து எண்ணணும்மா. இந்த வயசுல எண்ணி முடிப்பேனா?"

"அவரை நகர்த்தக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாரும் திரும்பினார்கள். குனிந்த தலை நிமிர்ந்திருந்தது. லிஃப்டை நிறுத்திச் சாவியை வாங்கிக்கொள்ளும்போது கட்டடக்காரர்களிடம் பேசும் குரலில் பேசினார்.

"இது முப்பத்தாறு படி உள்ள கட்டடம். லிஃப்ட் இல்லை, போட இடமும் இல்லை. இந்தக் காலோட ஒருத்தர் குடியிருக்க நான் அனுமதி குடுப்பேனா? மாட்டேன். சீல் வச்சுட்டுப் போயிருப்பேன். அவருடையது தரைத்தளம், பழகின வீடு. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அதனால கடலோர ஊருன்னு போடு. நாங்க வர்றோம்."

"அப்பா, நீங்களா?" என்றான் மகன்.

"கூட்டிட்டுப் போறதா நினைச்சுக்காதே. நாங்களா வர்றோம். தனி வீடு, தரைத்தளம். வாசல்ல என் பேர்ப்பலகை இருக்கணும். சம்பந்தி தெருவுல வேண்டாம்."

"ஏன், எங்க தெருவுக்கு என்ன?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உங்களுக்குச் சண்டை போட ஆள் இல்லைன்னீங்களே. நடந்து வந்து சண்டை போடற தூரத்துல இருந்தாத்தான் மரியாதை. அடுத்த தெரு."

"யாரு நடந்து வர்றது?"

"நீங்கதான். உங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

டீச்சர் அன்று முதல்முறையாக அந்தப் பேச்சில் வாயைத் திறந்தார். "என்னை யாரும் கேட்கலை."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

"ஏழு வாரமா ராத்திரியும் பகலும் தாங்கிப் பிடிச்சு எனக்குத் தோள் போச்சு. நாளைக்கே கிளம்புன்னாலும் சரி" என்றார். பிறகு, "முதல்ல தண்ணியைக் குடிங்க" என்று டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நாலு நாற்பத்தொன்பதுக்கு மருமகள் அனுப்பினாள். இன்ஸ்பெக்டர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். மகன் கைகொடுக்க வந்தான். மருமகள் கண்ணால் தடுத்தாள். கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போக அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. மற்ற மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் அவரை நேராகப் பார்த்தார், அவருக்கு அது செல்லும்.

ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் வீட்டைக் காலி செய்தார்கள். இன்ஸ்பெக்டரை நாற்காலியோடு கட்டி நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள் என்றும், அவர் அழுதார் என்றும் தையற்காரர் சொல்லி வருகிறார். யாரும் தூக்கவில்லை. அவர் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தானே நகர்ந்து, முப்பத்தாறு படியும் இறங்கினார். ஐம்பது நிமிடம் ஆனது. தையற்காரர் அப்போது கடையில் இல்லை.