பாய்லர் நின்ற நாள்

மாப்பிள்ளைக்கு உலகத்தைக் காப்பாற்றும் ஆசை உண்டு. உலகம் பிடி கொடுக்காததால் மாமனார் வீட்டு நிலவறையில் தொடங்கினார். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு அதுவரை சுத்த டீசல்தான். இப்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு, தாவர எண்ணெயில் செய்த பயோடீசல். லாரி வந்து ஊற்றிவிட்டுப் போன அன்று கரும்புகையைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போனது.

“எல்லாம் சரி மாப்பிள்ளை, தாளிக்கிறது எப்ப?” என்றார் மாமனார்.

மகள் குறைமாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளாகப் பார்த்துப் பாய்லர் நின்றது. வெளியே பனி கொட்டியது. வீடு கதகதப்பாக இருந்தால்தான் குழந்தையை அனுப்புவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கூடப் போயிருந்த மாமியார் போன் செய்தார்.

“கெளம்பிட்டோம். வீடு சூடா இருக்கில்ல?”

“இருக்கு!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தப் பொய்தான்.

நிலவறையில் மாமனார் வெடித்தார். “டீசல் ஊத்தின வரைக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா? என் தொட்டி கண்ணாடி மாதிரி இருந்துச்சு!”

மாப்பிள்ளை எண்ணெய்க்காரரைப் போனில் பிடித்தார்.

“தொட்டியில ஒட்டிக் கெடக்குற பழைய கசடைப் புது எண்ணெய் கரைச்சு இழுத்துட்டு வரும் சார். பில்டர் அடைச்சிருக்கும். மாத்தச் சொல்லி ஒண்ணு குடுத்தேனே?”

கொடுத்திருந்தார். உரை தயாரிக்கும் மும்முரத்தில் மாப்பிள்ளைதான் மறந்துவிட்டார்.

பழைய பில்டரைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி கருப்பு. மாமனாரின் கண்ணாடித் தொட்டி அத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்தது. மாப்பிள்ளையின் தொண்டையில் அடுத்த உரை தயாராகிவிட்டது. மாமனாரைப் பார்த்தார். மனிதர் கசடையே வெறித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பேத்திக்கு வாங்கிய குட்டிக் காலுறை எட்டிப்பார்த்தது.

“டார்ச்சை இப்படிக் காட்டுங்க மாமா,” என்றார்.

புதுப் பில்டரை மாட்டி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார்கள். பாய்லர் இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை எரியத் தொடங்கியது.

கார் வந்தபோது கூடம் கதகதவென்று இருந்தது. மகள் குழந்தையின் போர்வையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

“நல்லா இருக்கே! இது யாரு எண்ணெய்ப்பா?”

மாமனார் செருமினார். “மாப்பிள்ளையோடதுதாம்மா. பரவால்ல, எரியுது.”

மாப்பிள்ளை பதில் உரைக்கு வாயைத் திறந்தார்.

“மொதல்ல ரெண்டு பேரும் கையக் கழுவுங்க,” என்றார் மாமியார். “அதுவரைக்கும் யாரும் கொழந்தையத் தொடக் கூடாது.”

குழாயடியில் இருவரும் ஒரே சோப்புக்கு அடித்துக்கொண்டார்கள்.