காய்ந்த கை

கீரமங்கலத்துக்குத் தெற்கே கொழிஞ்சிக்காட்டில் வேதம் சொல்லப் போன உபதேசியார் சூசைமாணிக்கத்துக்கு முதல் எதிரி பேயுமில்லை, பிசாசுமில்லை, ஒரு பேச்சு. "அந்தத் தண்ணி தலையில பட்டா பிள்ளை தங்காது" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இவருக்கு முன்னால் வந்த உபதேசியார், வாந்திபேதி வந்த வருஷம், சாகக் கிடந்த இரண்டு கைக்குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். குருப்பட்டம் பெற்ற சாமியார் பக்கத்தில் இல்லாதபோது, உயிர் போகிற நிலையில், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது திருச்சபைச் சட்டம். அவர் சட்டப்படிதான் செய்தார். ஆனால் இரண்டு குழந்தைகளும் அன்றே இறந்துபோயின. அதில் ஒன்று ஊர்ப் பெரியவர் ஆவுடையப்பனின் தங்கை மகன். வாந்திபேதியை மறந்த ஊர் தண்ணீரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. நாலு வருஷம் அங்கே ஒருவரும் சிலுவைக்குறி போடவில்லை.

சூசைமாணிக்கம் 1936-இல் வந்தார். ஆவூர்க்காரர், நாற்பது வயது, காய்ச்சலுக்கு மனைவியையும் ஒரே குழந்தையையும் பறிகொடுத்தவர். மூன்று வருஷம் அலைந்தார். சேறு மிதித்தார், வீட்டுக்கு ஓலை வேய்ந்து கொடுத்தார், ஏச்சும் வாங்கினார். முதலில் வந்தவள் பொன்னுத்தாய். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் ஊர் வாயில் விழுந்தவள். அவளும் அவள் புருஷன் வெள்ளைச்சாமியும் தங்கள் கொட்டகையைச் செபத்துக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவளைப் பார்த்து ஒவ்வொன்றாக எட்டுக் குடும்பங்கள் வந்தன. அதில் கடைசியாக ஆவுடையப்பனே வந்தார். அந்த வருஷமே பொன்னுத்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. தங்கமுத்து என்று கூப்பிட்டார்கள். மாதா கொடுத்த பிள்ளை என்று அவள் சொன்னாள், உபதேசியாரும் மறுக்கவில்லை.

சாமியார் வருஷத்துக்கு ஒருமுறைதான் வண்டி கட்டி வருவார். வந்தால் ஒன்பது குடும்பத்துக்கும் ஞானஸ்நானம், கோயிலுக்கு இடம் பார்ப்பது, கல்லறைக்கு நிலம் மந்திரிப்பது எல்லாம் ஒரே நாளில். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதுதான் ஏழு மாதக் குழந்தை தங்கமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பொன்னுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செபக் கொட்டகைக்கு வந்தாள். ஆவுடையப்பனும் நாலைந்து பேரும் செபம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

"பால் குடிக்க மாட்டேங்குறான், உபதேசியாரே. கண்ணு மேல சொருகுது. சாமியார் வாரவரைக்கும் வேணாம். நீங்களே ஊத்திருங்க."

மூலையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. நாலு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும். சூசைமாணிக்கம் எழுந்திருக்கவில்லை, ஆவுடையப்பன்தான் எழுந்தார்.

"இங்க பாருங்க. நீங்க செம்பைத் தொட்டீங்கன்னா நாங்க இப்பவே போயிருவோம். ஒரு தடவை பாத்தது போதும் எங்களுக்கு."

உபதேசியார் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு கையைச் சுட்டது. இதே சூட்டை, இதே சொருகலை அவர் தம் குழந்தையிடம் பார்த்திருக்கிறார். பொழுது சாயும்வரை தாங்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கணக்குப் போட்டார். ஒரு பிள்ளையா, எட்டுக் குடும்பமா என்று போட்டார். அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் மூன்று வருஷம் சேறு மிதித்தவர் அவர், நான் இல்லை.

"காய்ச்சல் எறங்கிரும், தாயி. எட்டே நாளு. சாமியார் கையாலயே வாங்கிக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போ."

அவர் சொன்னதை அவள் நம்பினாள். அவர் சொன்ன எதைத்தான் அவள் நம்பவில்லை.

அவள் போன பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய தாய் ஆவூரில் பிள்ளைப்பேறு பார்த்தவள். பிழைக்காத குழந்தையென்று கண்டால், நெற்றியைத் துடைப்பதுபோல ஈரத்துணியைப் பிழிந்து, வாய்க்குள்ளேயே மந்திரத்தைச் சொல்லி, பெற்றவளுக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். இந்தக் கதையை அவரே பொன்னுத்தாயிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கலைந்து போகக் காத்திருந்து, துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தெரு முனையை எட்டும்போதே பொன்னுத்தாயின் அழுகை கேட்டது. துண்டிலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வேதத்தில் சேரப் போகிறவன் பிள்ளைக்கு ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கோயிலுக்கென்று கிடைத்த நிலத்தின் ஓரத்தில், ஒற்றைப் பனையின் கீழே குழந்தையைப் புதைத்தார்கள். எட்டுக் குடும்பத்தில் ஒன்றுகூடக் கலையவில்லை. தண்ணீர் படாமலே பிள்ளை போனதால், தண்ணீர்மேல் இருந்த பழி தீர்ந்துவிட்டது.

சொன்ன நாளில் சாமியார் வந்தார். முதலில் கல்லறைக்கு நிலம் அளந்தார். கயிறு பிடித்து முளையடித்துக்கொண்டே வந்தவர் பனையடியில் நின்றார். புது மண் மேட்டைப் பார்த்தார்.

"இந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனதா?"

ஆகியிருந்தால் கயிறு பனையைச் சுற்றிப் போகும். ஆகாவிட்டால் இந்தப் பக்கமே திரும்பிவிடும். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஞானஸ்நானமில்லாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணும் இல்லை, மோட்சமும் இல்லை. இதைக் கேள்வி பதிலாக அந்தச் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரே சூசைமாணிக்கம்தான்.

ஒன்பது குடும்பமும் சுற்றி நின்றது. பொன்னுத்தாய் முன்னால் வந்தாள்.

"உபதேசியாரே, அன்னிக்கு நெத்தியில கை வெச்சீங்களே. ஒங்க ஆத்தா யாருக்கும் தெரியாம ஊத்திருவாங்கன்னு சொன்னீங்கள்ல. நீங்களும் அப்பிடித்தானே செஞ்சீங்க? இவுகளுக்குப் பயந்து சொல்லாம இருக்கீங்க. கையில ஈரம் இருந்துச்சுல்ல?"

எட்டு நாளாக அவள் அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்திருக்கிறாள். ஆவுடையப்பன் உபதேசியாரின் வாயையே பார்த்தார். 'ஆமாம்' என்றால் அவள் பிள்ளை கயிற்றுக்குள் வந்துவிடும், எட்டுக் குடும்பமும் போய்விடும். அதோடு அது பொய்.

"இல்ல, தாயி. காஞ்ச கை."

உண்மையைத்தான் சொன்னார். உண்மை என்பதற்காகச் சொன்னாரா, எட்டுக் குடும்பத்துக்காகச் சொன்னாரா என்று சாகும்வரை அவருக்கே தெரியவில்லை.

"காய்ச்சல் எறங்கிரும்னு நெனச்சுத்தான் ஊத்தலையா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"ஒரு கை தண்ணிதானே கேட்டேன்," என்றாள் பொன்னுத்தாய்.

சாமியார் குனிந்து முளையை எடுத்துக்கொண்டார். பிறகு கயிறு பனைக்கு இந்தப் பக்கமாகத் திரும்பியது. அன்று எட்டுக் குடும்பம் தண்ணீர் வாங்கியது. வெள்ளைச்சாமி செபக் கொட்டகை வாசல்வரை வந்து, விலகிப் போகிற மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போய்விட்டான்.

சபை வளர்ந்தது. தண்ணீர் பட்டவர்கள் சாகவில்லை என்று கண்டதும் பக்கத்துக் குடிகளும் வந்தன. 1946-இல் ஓட்டுக் கோயில், மணி, இருநூறு பேர். சாமியார்கள் கூடும் இடத்திலெல்லாம் கொழிஞ்சிக்காட்டைத்தான் உதாரணம் காட்டினார்கள். சூசைமாணிக்கத்தைப் பாராட்டும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில், வேலிக்குள்ளே எல்லாக் குழியிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. சூசைமாணிக்கம் வழக்கம்போல ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் பனையடிக்குப் போனார். வழக்கமாக அவர் வருவதற்குள் போய்விடுகிற பொன்னுத்தாய் அன்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு. அதிலிருந்து தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளி மண்மேட்டின் தலைமாட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சொல்லிக் கொடுத்த ஞானஸ்நான மந்திரம், ஒரு சொல் பிசகாமல் அவள் வாயில் ஓடியது.

அவர் மெழுகுவர்த்தியோடு நின்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கிட்டுப் போங்க, உபதேசியாரே. ஒங்க சனம் காத்திருக்கு."

இருநூறு பேரும் உண்மையிலேயே காத்திருந்தார்கள். அவர் போய் அவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்.