பட்டுநூல் சுற்றிய தோட்டா

தாமோதரன் துப்பாக்கிக் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாகத் தோட்டா தேடுகிற மனிதர் இன்றைக்குத்தான் விரல் விட்டு அளக்கிறார். நானும் என் வீட்டுக்காரர் ஜானும் வாசலில் நின்றிருந்தோம். சாலவாக்கம் ஏரிக்குக் கீழே, தாமோதரன் வீட்டை ஒட்டிய அவருடைய ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டிருக்கிறோம். பாதியைக் காட்டுப்பன்றி கிளறித் தின்றுவிட்டது. மீதி முற்ற இன்னும் இருபது நாள் வேண்டும்.

வயலைச் சுற்றிப் பழைய புடவை கட்டினால் பன்றி கிட்டே வரத் தயங்கும். ஊரில் எல்லாரும் கட்டுவதுதான். நாங்கள் கட்டியதை அவிழ்க்கச் சொன்னவர் இவர்.

"எங்க தாத்தா வேட்டையாடுன துப்பாக்கி கீது. என் நெலத்த சுத்தி கிய்ஞ்ச பொடவயா?" என்றார்.

அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும். நிலம் அவருடையது என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல் அது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் சாக்கில் சுற்றி எடுத்துப்போவார்கள். இவர் மாலை போட்டு, காரின் முன்சீட்டில் சாய்த்து, உத்திரமேரூர் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். அது வெடித்து ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அந்த அளவுத் தோட்டா இப்போது யாரும் செய்வதில்லையாம். "அழகா கீது சார், செவுத்துல மாட்டி வெச்சிக்கோங்க" என்றாராம் சென்னைக் கடைக்காரர். கூடப் போன ஜான் வந்து சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதற்குப் பிறகும் ஐதராபாத்துக்கு போன், வாட்ஸப்பில் படம் என்று நாள் போனது. பன்றிகள் மட்டும் நாள் தவறாமல் வந்தன.

கடைசியில் யாரையோ பிடித்து, வேறு ஜாதித் துப்பாக்கிக்கான தோட்டா நான்கை வாங்கி வந்துவிட்டார். உள்ளே போட்டால் லொடலொடவென்று ஆடியது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? தறிக்காரர் வீட்டில் அரக்கு நிறப் பட்டுநூல் வாங்கி, தோட்டாவை வளைத்து வளைத்துச் சுற்றி, எச்சில் தொட்டு ஒட்டி, கட்டைவிரலால் உள்ளே அழுத்தினார். கெட்டியாக உட்கார்ந்தது. சரி என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே, லேத் பட்டறை மக்பூல் பாயை வரவழைத்திருந்தார். பாய் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"வாணாம் மொதலாளி. சைஸ் தப்பு. பின்பக்கம் வெடிச்சிச்சினா சுடுறவனுக்கு மூஞ்சி இருக்காது."

"ஒரு தபா சுட்டா தெரிஞ்சிடப் போது." துப்பாக்கியை ஜான் பக்கம் நீட்டினார். "டேய் ஜான், மொதல்ல நீ ஒண்ணு சுடு. எனக்கு கண்ணு சரியா தெரியல."

ஜானின் கை நீண்டது. இருபது வருஷமாக அவர் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை. அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க தாத்தா துப்பாக்கிதான? நீயே சுடு."

அவரை நான் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. மக்பூல் பாய் வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். தாமோதரன் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார். கன்னம் அதில் படும் முன்பே இறக்கினார்.

"நெலத்த வுட்டு எறங்குடி," என்றார்.

"கடலய புடுங்கிக்கினு எறங்கறோம்."

ஜான் என் பின்னால் வந்தார். முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். பிஞ்சு. நசுக்கினால் தண்ணீர்தான் தெறித்தது. எண்ணெய்க்கு ஆகாது, வேகவைத்து பஸ் ஸ்டாண்டில் விற்றால் உண்டு. அடுத்த செடிக்குக் குனிந்தவர் நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். தாமோதரன் துப்பாக்கியை மடக்கி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சிக்கிய தோட்டாவை வெளியே எடுக்கப் பட்டுநூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நூல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.