மூடி போட்ட பட்டை

கொச்சியில், கொச்சங்காடி மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிற எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கை கண்ணுக்குப் போகக் கூடாது. வேர்வை வடிந்து இமையில் நின்று கரிக்கும். தோளில் துடைக்கலாம் என்றால் ரவிக்கை முழுக்க மிளகாய்த் தூள். எனக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் உட்காரும் மூக்கம்மாளுக்குத்தான் பழகவே இல்லை. அவள் கண் இரண்டும் எப்போதும் கோவைப்பழம்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப்பிள்ளை வெங்கிட்டு வந்து நின்றார். பாலக்காட்டுக்காரர், நாங்கள் சாமி என்போம்.

"மூக்கம்மா, பாதி நேரமும் நீ கண்ணை மூடிண்டு உக்காந்திருக்காய். திங்கட்கிழமையும் இப்படித்தான்னா பின்னே வேலைக்கு வரண்டாம். மனசிலாச்சா?"

சாரத்திலிருந்து விழுந்த அவள் புருஷன் வீரபாண்டி, பள்ளுருத்தி வீட்டில் படுத்த படுக்கை. இவள் கூலியில்தான் அங்கே உலை கொதித்தது. இவளோ அழாமல் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சீனி, கையிலே மிளகா படாத இடம் எது?"

"உன் மண்டை!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கட்டிலும் பட்டையோடு வந்தாள். பழைய தேங்காய்ப்பூத் துவாலைத் துண்டு. உள்ளே மகனின் நிக்கரிலிருந்து உருவிய எலாஸ்டிக். நெற்றியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து இளித்தாள். அடடா, பரவாயில்லையே என்று நானும் நினைத்தேன். சாயா நேரத்துக்குள் தூள் பறந்து துவாலையில் படிந்துவிட்டது. அடுத்த துடைப்புக்கு அவள் போட்ட கூப்பாட்டில் கிட்டங்கியே திரும்பிப் பார்த்தது.

"போதும்டி உன் ஆராய்ச்சி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நின்றாள். "பழைய பால் கவர் இருந்தா தா. தோசை மாவை மூடி வைக்கோம்லா, இதை ஏன் மூடலே?"

எனக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. "கை பூரா மிளகாயா இருக்கும். மூடியை எதை வச்சுட்டீ திறப்பே?"

அவள் தாடையைத் தட்டிக் காட்டினாள். மூடியின் ஓர் ஓரத்தை மட்டும் தைப்பாளாம். தாடையால் தள்ளினால் திறக்கும், விட்டால் படிந்துகொள்ளும்.

திங்கட்கிழமை மதியம்வரை அவள் கண் சிவக்கவே இல்லை. சோற்றுக்கு வெளியே போகும்போது வாசலில் முந்தானையை உதறிக் காட்டுவது கிட்டங்கி வழக்கம். அன்று சாமி அங்கேதான் நின்று, வரத்து மிளகாயை ஒடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன கையிலே? உள்ளே என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்காய்?"

"வேர்வைதான் சாமி."

அவர் நம்பவில்லை. வலக்கைப் பட்டையை உருவிப் புரட்டினார், பிதுக்கினார். ஒன்றுமில்லை. குழம்பிப்போய்க் கண்ணைத் தேய்த்தார், அந்தக் கையாலேயே!

"ஐயோ! என் கண்ணு போச்சே!"

நல்லா வேணும் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மூக்கம்மாள்தான் ஓடினாள். "கையை எடுங்க சாமி!" என்று அதட்டி, பானைத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றும்படி என்னிடம் சொன்னாள். பிறகு இடக்கைப் பட்டையின் மூடியைத் தாடையால் தள்ளி, மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

வெகுநேரம் கழித்து சாமி ஒரு கண்ணைத் திறந்தார். "இது எந்தக் கடையிலே கிட்டும்?"

"கடையிலே இல்ல. நானா யோசிச்சது."

அவர் உருவிய பட்டையை அவளிடமே நீட்டினார். "நாளைக்கு வரச்சே எனக்கு ஒண்ணு கொண்டு வா" என்றார்.

நாளைக்கு வரச்சே! அந்தச் சொல்லைக் கேட்டதும் மூக்கம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பின்னாளில், கொச்சியில் டிவி வந்த புதிதில், சாயாக்கடையில் எங்கோ நடந்த பந்தாட்டத்தைக் காட்டினார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் மணிக்கட்டில் அதே துவாலைப் பட்டை! நெற்றியையும் துடைத்தான். "பாருட்டீ, உன் சாமானைத் திருடிட்டான்" என்று நான் கத்தினேன்.

மூக்கம்மாள் டிவியை ஒட்டி நின்று பார்த்தாள். "அங்கே இதை யாரு யோசிச்சிருப்பாக? அவுகளும் மிளகா கிள்ளுவாகளோ?" என்றாள். பிறகு முகம் வாடிவிட்டது. "மூடி இல்லியே சீனி. பாவம், கண்ணு எரியுமே."

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.