நூற்று முப்பத்து மூன்றில் உருகியவை

மார்ச் 12, செவ்வாய். லௌடோகா.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. "என் பொடியும் பெனையாவின் பொடியும் ஒன்றே" என்று எழுதியிருக்கிறேன். "இரண்டும் ஒரே சூட்டில் உருகின" என்று மட்டும்தான் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மாலை வேதியியல் வகுப்பின் தேர்வுக்காக மகாபீர் மேடம் எனக்கும் கூடப் படிக்கும் பெனையாவுக்கும் ஆளுக்கு ஒரு கிராம் பெயர் தெரியாத பொடி கொடுத்திருந்தார். அதைச் சுத்தம் செய்து, உருகுநிலையை அளந்து, இன்னதென்று எழுதி, மிச்சத்தைச் சிறு பாட்டிலில் ஒப்படைக்க வேண்டும். மேடம் அதைத் தானே அளப்பார். உருகத் தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடையே இரண்டு டிகிரிக்கு மேல் போனால் தோல்வி.

நேற்று என்னுடையது நூற்று முப்பத்திரண்டில் தொடங்கி முப்பத்து மூன்றில் முடிந்தது. பெனையாவுடையதும் அப்படியே. இரண்டும் வெள்ளை. அப்புறம் என் முழங்கை பட்டு என் பொடியில் பாதி தரையில் கொட்டியது. பெனையா குழாயடிக்குப் போயிருந்தான். எங்கள் ஊரும் அவன் ஊரும் தௌவு. தௌவு என்றால் ஒருவன் பொருளை இன்னொருவன் கேட்காமல் எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம். கோபப்படுவதுதான் தப்பு. நான் அவன் பொடியையும் என்னுடையதையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலக்கி, சரிபாதியாகப் பிரித்து வைத்தேன். பாதிப் பாதி நியாயம் என்று பட்டது. கலந்த பிறகு அளக்கவில்லை.

அவன் வந்ததும், உன் பொடியைக் கொஞ்சம் தின்றுவிட்டேன் என்று கேலியாகச் சொன்னேன். கலந்ததைச் சொல்லவில்லை. "தின்னு தின்னு, உங்க ஊர்ல பிச்சை எடுக்கிறதுதானே தொழில்" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகி, பேர் எழுதி ஒட்டி மேடத்திடம் கொடுத்துவிட்டான்.

எனக்குக் கடை இருக்கிறது, இந்தத் தேர்வு வெறும் ஆசைக்கு. அவனுக்கு அப்படியில்லை. சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடமாகப் பாட்டில் கழுவுகிறான். தேறியதாக மேடம் கையெழுத்திட்ட தாளை நாளைக் காலை எட்டு மணிக்குள் கொடுத்தால் உதவியாளர் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

இன்று மாலை மேடம் முதலில் அவன் பாட்டிலைத்தான் எடுத்தார். ஒரு சிட்டிகையைக் குழாயில் இட்டு, வழக்கம்போல் சூட்டை மெல்ல ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்தேன். நூற்றைத் தாண்டியதுமே பொடியின் ஓரம் ஈரமானது. பெனையா உருப்பெருக்கியில் குனிந்து பார்த்துவிட்டு, சரியாகக் காயவில்லை போல, என் தப்புதான், மழையில் எதுதான் காய்கிறது என்றான். கடைசித் துகள் நூற்றுப் பதினேழில் உருகியது. பதினைந்து டிகிரிக்கு மேல் இடைவெளி. ஒரே பொருளாக இருந்திருந்தால் கலந்தாலும் உருகுநிலை இறங்காது. இது மூன்றாம் வாரப் பாடம், இதே நோட்டில் பதினான்காம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் பட்டியலைப் புரட்டி, என்னுடையது யூரியா, அவனுடையது சின்னமிக் அமிலம் என்றார். இரண்டும் தனித்தனியாக நூற்று முப்பத்து மூன்றில்தான் உருகுமாம்.

அப்புறம் பெனையா என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏண்டா தௌவு, கடையில மூட்டை மூட்டையா கரும்புக்கு விக்கிற. அந்த யூரியாவ உனக்கே தெரியலையா?"

சிரிக்க முயன்றேன். முடியவில்லை.

அவன் நேற்று அளந்தது அவன் நோட்டில் இருக்கிறதே, நானே சாட்சி என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றத நம்புறேன் எமோசி. ஆனா நான் பாக்காத எண்ணுக்கு நான் எப்பிடி கையெழுத்துப் போடுவேன்?"

குளிர்ந்த நீரில் கழுவினால் யூரியா கரைந்து போய்விடும், அமிலம் தங்கிவிடும், அதற்கப்புறம் அளக்கலாமே என்று கேட்டேன். கழுவலாம், ஆனால் ஒப்படைத்த பாட்டில் ஒப்படைத்ததுதான், மறுதேர்வு ஜூலையில் என்றார். குரலில் கடுமை இல்லை. அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

வாசலில் மழை விடக் காத்து நின்றோம். திட்டு, அடி, ஏதாவது செய் என்று அவனிடம் கேட்டேன்.

"தௌவு எடுத்ததுக்கு எவன்டா கோவப்படுவான்? எங்கப்பாகிட்ட போய் என்ன சொல்றது, எமோசிமேல கோவப்பட்டேன்னா?"

சொல்லிவிட்டு என் குடையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, கேட்காமல், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். அதை அவன் எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதல் எனக்கு வரலாமா என்றும் தெரியவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சப் பொடியை மேடம் எங்களிடமே கொடுத்துவிட்டார்; இரண்டு பாட்டிலும் இப்போது என்னிடம்தான்.

நாளை, மாலை ஐந்தரை (ஆலையின் எட்டு மணிக் கெடு முடிந்திருக்கும்): பெனையாவின் பொடியைக் குளிர்ந்த நீரில் மூன்று முறை கழுவி, வடிகட்டி, காயவைக்க வேண்டும். மேடத்தைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி அளக்க வேண்டும்.