ஒன்பது இஞ்சுக்கு ஒரு சுற்று

துப்பாக்கி சுடும் மைதானத்தின் கோடியில், இலக்குத் தாள்களுக்கு நேர் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு கான்கிரீட் குழி. சிவப்புக் கொடி ஏறியதும் அதன் இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். தலைபோகிற காரியம் என்றாலும் வெளியே வர முடியாது. வந்தால் நிஜமாகவே தலை போய்விடும்.

தம்பி சுடுவதைப் பார்க்க வந்த அளவுக்காரியை, ஆள் குறைகிறது என்று சொல்லி அன்று அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அது. மாமனாரின் பட்டறையில் துப்பாக்கிக் குழல்களை அளந்து எண் குத்துவது அவள் வேலை. இங்கேயும் சுலபமான வேலைதான். ஒவ்வொரு குண்டுக்கும் தாளை இறக்க வேண்டும், புது ஓட்டையில் அடையாளத் தகடு செருக வேண்டும், பழையதை ஒட்டுத்தாளால் மூடி மேலே ஏற்ற வேண்டும். பதினைந்தாம் எண் தாள் அவள் பொறுப்பு. சுடுபவன் அவள் தம்பி. இன்று இருபது குண்டில் தேறினால் அணியில் இடம். வயதுக் கணக்குப்படி இதுவே கடைசி வாய்ப்பு.

முதல் குண்டு வந்தது. தாளை இறக்கிப் பார்த்தாள். ஓட்டை கோணலாக, நீள்வட்டமாக இருந்தது. கல் கில் பட்டுத் தெறித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாவதை விரலால் தடவிப் பார்த்தாள். குண்டு படுத்துத் தூங்கிக்கொண்டே போன மாதிரி, அதன் பக்கவாட்டு உருவம் அப்படியே தாளில் கிழிந்திருந்தது.

அவளுக்கு இது அ, ஆ பாடம். குழலுக்குள் ஓடும் வரிகள் குண்டைச் சுழற்றி விடுகின்றன. அந்தச் சுழற்சிதான் அதை மூக்கு நிமிர்ந்து போகவைக்கிறது. குண்டு கனமாக, நீளமாக ஆக ஆக, வரிகளின் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் சமாளிக்கலாம், ரொம்ப இல்லை. தம்பி பழகியதெல்லாம் அறுபத்தொன்பது கிரெய்ன் எடையுள்ள குண்டில். இன்று காற்று அதிகம் என்று எண்பதுக்கு மாறியிருந்தான். அவன் குழலில் ஏழு இஞ்சுக்கு ஒரு சுற்று, அதாவது நெருக்கமான முறுக்கு, என்று குத்தியிருக்கிறது. அதற்கு எண்பது தாராளமாகப் பொருந்தும். நிஜமாகவே ஏழாக இருந்தால்.

போன மாசம் பட்டறையில் மூன்று குழல்களுக்குத் தவறுதலாக ஒன்பது இஞ்சுக்கு ஒரு சுற்று என்று தளர்ந்த முறுக்கு விழுந்துவிட்டது. ஏழு என்றே குத்திவிடு, வாங்குகிற வெளியூர்க்காரன் கண்டுபிடிக்கவா போகிறான் என்றார் மாமனார். புருஷனும், அப்பா சொன்னால் செய்துவிட்டுப் போயேன் என்று நழுவிக்கொண்டான். அவளும் குத்தினாள். அப்புறம் ஒருநாள் மாமனார், நம்ம வீட்டுப் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லி, தம்பிக்கு ஒரு புதுக் குழலைத் தூக்கிக் கொடுத்தார். எந்த அலமாரியிலிருந்து எடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்றாவது குண்டு பதினைந்தில் விழவே இல்லை. பக்கத்துத் தாள்காரர், என் தாளில் ஓட்டை ஒன்று கூட இருக்கிறது என்று கத்தினார். அடுத்தவன் தாளில் சுட்டதாகத் தம்பி பேரில் குற்றம் எழுதுவார்கள். கை நடுங்குகிறது என்று போன வருஷமே துப்பாக்கியை வைத்துவிடப் பார்த்தவன் அவன். கோளாறு துப்பாக்கியில் என்று நிரூபணமானால் வேறொன்றில் முதலிலிருந்து சுடலாம். ஆனால் ஏழு என்று குத்திய குழலை யார் அளந்து பார்ப்பார்கள்?

ஒட்டுத்தாள் கையிலேயே இருந்தது. இரண்டாவது கிழிசலையும் மூடிவிட்டால் பட்டறை பிழைக்கும், அவள் குடும்பமும் பிழைக்கும். நான்கு பக்கமும் கான்கிரீட்.

ஒட்டுத்தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுச் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். குழல் சரியில்லை, சுடுவதை நிறுத்துங்கள் என்றாள். மறுமுனையில் நடுவர் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு வந்தது மாமனாரின் குரல். குழல் அவர் பட்டறையுடையது என்று, மகனோடு விருந்தினர் வரிசையில் உட்கார்ந்திருந்தவரையே கூப்பிட்டுவிட்டார்கள்.

"எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்மா," என்றார் சாந்தமாக. "கொடி இறங்கினதும் நீ வரப்போறது என் வீட்டுக்குத்தானே."

அவள் பக்கத்துத் தாளில் இருந்த அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"நடுவர்கிட்ட குடுங்க மாமா," என்றாள். அவர் கொடுத்தார், அத்தனை பேர் முன்னால் வேறு வழியில்லை. "கம்பியில துணியை இறுக்கமாச் சுத்தி, குழலுக்குள்ள விட்டு, அது ஒரு சுத்து சுத்த எத்தனை இஞ்சு போகுதுன்னு அளந்து பாருங்க சார். துணி தளர்ந்தா வழுக்கிடும், கணக்குத் தப்பா வரும். ஒன்பது வரும். ஏழுன்னு குத்தினது நான்தான்."

கொடி இறங்கியது. அரை மணி நேரம் ஆகும், வெளியே வருகிறாயா என்று குழி அதிகாரி கதவைத் திறந்துகொண்டு கேட்டார். வேண்டாம் என்றாள். கம்பி ஒன்பது காட்டியதாம். தம்பிக்கு வேறு துப்பாக்கி கொடுத்தார்களாம். எல்லாம் தொலைபேசி வழியாகத்தான் வந்தது. மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. கூடவே புருஷனும்.

கொடி மறுபடி ஏறியது. கதவைப் பூட்டினார்கள். மேலே ஒரு சத்தம். தாளை இறக்கினாள். நடுவில், சட்டைப் பொத்தான் போல வட்டமாக ஓர் ஓட்டை. தகட்டைச் செருகும்போது கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

இன்னும் பத்தொன்பது குண்டு இருந்தது. அதுவரைக்கும் அவளுக்கு இருக்க ஓர் இடம் இருந்தது.